செல்லாத வாக்கியத்தின் அதிகாரம்: வேலை மாறும் உரிமையும் போட்டித் தடை ஒப்பந்தமும்

1

நியமனக் கடிதத்தை முழுசாகப் படிக்கிறவர்கள் குறைவு. சம்பளம் எவ்வளவு, எந்த ஊர், எந்தத் தேதியில் சேர வேணும் என்ற மூன்றையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் வழக்கம். அதற்குப் பின்னால் ஏழெட்டுப் பக்கம் இருக்கும். அதில் ஏதோவொரு பக்கத்தில் இப்படி ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கும்: இந்த நிறுவனத்தை விட்டு விலகிய பின் இத்தனை மாத காலத்துக்கு, இதே தொழிலைச் செய்யும் வேறு எந்த நிறுவனத்திலும் நீங்கள் சேரக்கூடாது, சொந்தமாகவும் தொடங்கக்கூடாது. கம்பெனிக்காரர்கள் இதை 'நான்-கம்பீட்' என்கிறார்கள். தமிழில் போட்டித் தடை என்று வைத்துக்கொள்வோம்.

இந்த வாக்கியம் இந்தியாவில் செல்லாது. இன்று நேற்றல்ல, 1872 முதல் செல்லாது. இது கம்பெனியின் வக்கீலுக்குத் தெரியும், மனிதவளத்துறை அதிகாரிக்கும் தெரியும். தெரியாதவர் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர்தான். ஆனாலும் வருஷா வருஷம் அது அச்சாகிக்கொண்டே இருக்கிறது. செல்லாது என்று தெரிந்த வாக்கியத்தை ஒருவர் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார் என்றால் அந்த வாக்கியம் வேறு ஏதோ வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். அது என்ன வேலை என்பதே இங்கே கேள்வி.

பிரதி, வாசிப்பு, அதிகாரம் பற்றியெல்லாம் நம் சிறுபத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் பேசியாயிற்று. லட்சக்கணக்கான பேர் கையெழுத்திட்டுப் பெட்டிக்குள் வைத்திருக்கும் இந்தப் பிரதியை மட்டும் யாரும் வாசிப்புக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

2

முதலில் சட்டம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27: சட்டப்படியான ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ ஒருவர் செய்வதைத் தடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்தத் தடை மட்டுக்கும் செல்லாது. விதிவிலக்கு ஒன்றுதான். தன் கடையை அதன் நற்பெயரோடு விற்றுவிட்டவர், நியாயமான எல்லைக்குள் அதே வியாபாரத்தைத் தொடங்க மாட்டேன் என்று வாங்கினவருக்கு எழுதிக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

இந்தப் பிரிவு இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வரவில்லை. இங்கிலாந்தில் கேள்வி 'தடை நியாயமானதா' என்பதாக இருந்தது. நியாயம் என்று நீதிபதிக்குத் தோன்றினால் தடை நிற்கும். நமக்கு வந்ததோ டேவிட் டட்லி ஃபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞர் நியூயார்க் மாநிலத்துக்காகத் தயாரித்த சிவில் சட்ட வரைவிலிருந்து. நியூயார்க் அந்த வரைவை ஏற்றுக்கொள்ளவில்லை. கலிபோர்னியா ஏற்றுக்கொண்டது, அதுவும் அதே 1872இல். ஒரே வரைவிலிருந்து ஒரே வருஷத்தில் ஒரு விதை கலிபோர்னியாவிலும் இன்னொரு விதை கல்கத்தாவிலும் விழுந்தது. பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

இரண்டே வருஷத்தில், 1874இல், கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஒரே வட்டாரத்தில் கடை போட்டிருந்த இரண்டு வியாபாரிகள். ஒருவர் மற்றவரிடம் 'இந்தப் பகுதியில் கடையை மூடிவிடு, பணம் தருகிறேன்' என்கிறார். அவர் மூடுகிறார். இவர் பணம் தரவில்லை. கடையை மூடினவர் கோர்ட்டுக்குப் போகிறார். அது முழுத் தடை இல்லை, ஒரு பகுதிக்கு மட்டுமான தடைதானே, செல்லும் என்பது வாதம். தலைமை நீதிபதி ரிச்சர்ட் கவுச் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அடுத்த பிரிவான 28இல் 'முழுவதுமாக' என்ற சொல் இருக்கிறது, 27இல் அது இல்லை. ஆகவே 27 பகுதித் தடையையும் சேர்த்தே தடுக்கிறது என்றார். ஒரு சொல்லின் இன்மையை வாசித்த வாசிப்பு அது. நூற்றைம்பது வருஷமாக நம் ஊரில் வேலை மாறுகிறவனுக்கு அந்த இன்மைதான் நிழல்.

1885இல் பிரம்மபுத்ரா தேயிலைக் கம்பெனி வழக்கு. வேலையை விட்டு விலகிய பிறகு ஐந்து வருஷத்துக்குப் போட்டியாகத் தேயிலைத் தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள். செல்லாது என்றது நீதிமன்றம். வேலையில் இருக்கும்போது 'இன்னொருவரிடம் வேலை செய்யாதே' என்பது செல்லும், விட்ட பிறகு செல்லாது என்ற கோடு அன்று போடப்பட்டது. இன்றும் அதே கோடுதான்.

3

இதை மட்டும் படித்தால் காலனிய அரசு உழைப்பாளியின் சுதந்திரத்துக்குக் காவல் நின்றதாகத் தோணும். அந்த மயக்கம் வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு சட்டம் இருந்தது. 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பியது அது. கல்கத்தாவோடு சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் அது பொருந்தியது. நீக்குவதற்கு 1925 ஆக வேண்டியிருந்தது. ஆக ஐம்பது வருஷத்துக்கும் மேலாக இரண்டு சட்டமும் ஒரே அலமாரியில் இருந்திருக்கின்றன. கடைக்காரனுக்கும் தோட்ட மேனேஜருக்கும் பிரிவு 27, கூலிக்குச் சிறை. 'தொழில் சுதந்திரம்' என்ற பெருங்கதையாடலில் கூலிக்காரன் பாத்திரமாகவே வரவில்லை.

இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதை இதைவிடத் தெளிவு. கங்காணி கூட்டிக்கொண்டு போகும்போதே கப்பல் செலவு, வழிச்செலவு, முன்பணம் என்று கணக்கு ஏறிவிடும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேணும் என்றால் 'துண்டு' வேணும். இன்னின்ன ஆட்களின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதுத் தோட்டத்துக்காரர் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வார். கடன் தீராது, இடம் மாறும். துண்டு இல்லாதவனுக்கு வேலை கிடையாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை ஒழித்தார்கள். ஆங்கில அரசாங்க ஆவணங்களிலும் அது 'துண்டு' என்ற தமிழ்ச் சொல்லாகவே பதிவாகியிருக்கிறது. வேலை மாறும் உரிமையைப் பறித்த காகிதத்துக்கு நம் மொழி கொடுத்த பெயர் அது.

கணிப்பொறி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞனையும் தேயிலைக் கூடை சுமந்தவளையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. அவனுக்கு ஊர் திரும்ப வழி இருக்கிறது, வங்கியில் கொஞ்சம் பணம் இருக்கிறது, பெரும்பாலும் சாதியும் துணையிருக்கிறது. ஆனால் காகிதத்தின் இலக்கணம் ஒன்றுதான்: பழைய முதலாளி கையெழுத்துப் போட்டு விடுவித்தால்தான் புது முதலாளி ஏற்பார். இன்று அதற்குப் பெயர் ரிலீவிங் லெட்டர்.

சாதியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிட வேண்டும். சாதி வெறும் வேலைப் பிரிவினை இல்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து வைப்பது, தன் தொழிலைத் தானே தேர்ந்துகொள்ள விடாதது என்று 1936இல் அம்பேத்கர் எழுதினார். எந்த ஒப்பந்தமும் எழுதாமல், எந்தக் கையெழுத்தும் வாங்காமல் தொழில் மாறுவதைத் தடுத்து வைத்திருந்த சமூகம் இது. 'இந்த வேலையை விட்டு நீ எங்கே போவாய்' என்ற குரல் இங்கே கம்பெனிகள் வருவதற்கு முன்பே பழகின குரல். அதனால்தான் கடிதத்தில் அதைப் படிக்கிறபோது நமக்கு அதிர்ச்சி வருவதில்லை.

4

சுதந்திர இந்தியாவின் நீதிமன்றங்கள் பழைய கோட்டைக் காப்பாற்றி வந்திருக்கின்றன. ஆனால் கோட்டின் இந்தப்பக்கம், அதாவது வேலையில் இருக்கும் காலம், கொஞ்சங் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டிருக்கிறது.

1967இல் கோலிகரி வழக்கு. பம்பாயை அடுத்த கல்யாணில் டயர் நூல் தயாரிக்கும் ஆலை. பயிற்சி கொடுத்து ஐந்து வருஷ ஒப்பந்தம் போட்ட ஊழியர் இடையிலேயே கூடுதல் சம்பளத்துக்கு ராஜஸ்தானில் வேறு ஆலைக்குப் போகிறார். ஒப்பந்த காலத்துக்குள் அதே வேலையைப் போட்டி ஆலையில் செய்யக்கூடாது என்ற தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம்.

1980இல் சூப்பரின்டென்டன்ஸ் கம்பெனி வழக்கு. 'கம்பெனியை விட்டபின் இரண்டு வருஷம்' என்று ஷரத்து. இங்கே ஊழியர் விடவில்லை, கம்பெனிதான் அவரை வெளியே அனுப்பியது. அனுப்பிவிட்டு, சொந்தத் தொழில் செய்யாதே என்று வழக்கும் போட்டது. 'விடுதல்' என்ற சொல் தானாக விலகுவதைத்தான் குறிக்கும், விலக்கப்படுவதைக் குறிக்காது என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. நீதிபதி ஏ.பி. சென் ஒரு படி மேலே போய், எப்படி விலகினாலும் பிரிவு 27இன்படி அந்தத் தடையே செல்லாது என்றார். ஒரு வினைச்சொல்லுக்குத் தன்வினையா செயப்பாட்டுவினையா என்று பார்த்ததில் ஒரு மனிதனின் பிழைப்பு நின்றது. இலக்கணம் படித்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1986இல் மத்திய உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துக் கழக வழக்கில் இன்னும் பெரிய விஷயம் சொல்லப்பட்டது. பேரம் பேசும் சக்தி இரு பக்கமும் சமமாக இல்லாதபோது, பலவீனமானவர் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்ட அநியாயமான ஷரத்து பொதுநலனுக்கு விரோதமானது, செல்லாது. 'நீதான் கையெழுத்துப் போட்டாயே' என்ற வாதத்துக்கு நம் நீதிமன்றம் கொடுத்த மிக நல்ல பதில் அது.

2025 மே மாதம் வந்த தீர்ப்பு காற்று வேறு பக்கம் வீசுவதைக் காட்டுகிறது. விஜயா வங்கி வழக்கு. மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்று நிபந்தனை. 2007இல் சேர்ந்த அதிகாரி 2009இல் இன்னொரு வங்கிக்குப் போகிறார். எதிர்ப்போடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குப் போடுகிறார். உயர்நீதிமன்றம் அவர் பக்கம். உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம். இது வேலைக் காலத்துக்குள்ளான நிபந்தனை, பொதுத்துறை வங்கிக்கு ஆள் எடுப்பதில் செலவு உண்டு, அவர் வகித்த பதவிக்கு இந்தத் தொகை பெரிய சுமை ஆகாது என்றது. தீர்ப்பு அந்தப் பதவிக்கும் அந்தத் தொகைக்கும் சொன்னது. ஆனால் நாளைக்குப் பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்கு ஆள் எடுக்கும் நர்சிங் ஹோமும் 'உச்ச நீதிமன்றமே பாண்டு செல்லும்னு சொல்லியாச்சு' என்றுதான் சொல்லும்.

5

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். செல்லாத வாக்கியம் எப்படி வேலை செய்கிறது?

மேலே சொன்ன வங்கி வழக்கின் தேதிகளைப் பாருங்கள். பணம் கட்டியது 2009. கடைசித் தீர்ப்பு 2025. பதினாறு வருஷம். வாக்கியம் செல்லாது என்று நிரூபிக்க வேண்டிய பாரம் கையெழுத்துப் போட்டவன் தலையில் இருக்கிறது. அதற்கு வேண்டியது காலம், பணம், வக்கீல். இந்த மூன்றும் இல்லாதவனுக்குச் செல்லாத வாக்கியமும் செல்லும் வாக்கியமும் ஒன்றுதான்.

அல்தூஸ்ஸர் சொன்ன உதாரணம் நம்மவர்களுக்குப் பழக்கமானது. தெருவில் போலீஸ்காரன் கூப்பிடுகிறான், திரும்பிப் பார்க்கிறவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்துக்கு உட்பட்டவன் ஆகிறான். கடிதத்தில் இருக்கும் வாக்கியம் அப்படித்தான் கூப்பிடுகிறது. வேலை விளம்பரத்தைப் பார்க்கும்போது, பழைய நண்பன் 'எங்க கம்பெனிக்கு வா' என்று சொல்லும்போது, காதுக்குள் கூப்பிடுகிறது. வழக்கே போட வேண்டியதில்லை. பத்துப் பேரில் ஒருவனுக்கு வக்கீல் நோட்டீஸ் போனால் மற்ற ஒன்பது பேரும் தாங்களாகவே திரும்பிப் பார்ப்பார்கள். வேறு வேலைக்குப் போக மாட்டான் என்று தெரிந்தவனிடம் சம்பள உயர்வு பற்றிப் பேச வேண்டியதும் இல்லை. வாக்கியத்தின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

இன்னும் முரட்டு வடிவங்களும் உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துக்கொள்ளும் தனியார் கல்லூரி, மருத்துவமனை நிர்வாகங்களை நம் ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 2011–12இல் கேரளத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் அலையலையாக வேலைநிறுத்தம் செய்தபோது சம்பளத்தோடு பாண்டு முறையும் பிரச்சினையாக இருந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கடனுக்கோ முன்பணத்துக்கோ ஈடாக, விரும்பின வேலைக்குப் போகும் சுதந்திரத்தை ஒருவர் இழப்பதையும் அது கொத்தடிமைத்தனத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சொல்கிறது. எல்லாப் பாண்டும் கொத்தடிமை ஆகிவிடாது. ஆனால் சட்டம் எந்த இடத்தைத் தொட்டுக் காட்டியது என்பது முக்கியம்.

மென்பொருள் துறையில் வடிவம் நாசூக்கானது. 2022இல் இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் ஷரத்து ஒன்றை எதிர்த்துப் புனேயைச் சேர்ந்த நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுத்தது. விலகிய பின் ஆறு மாதத்துக்கு, தான் வேலை செய்த வாடிக்கையாளருக்காகவே பெயர் குறிப்பிடப்பட்ட போட்டி நிறுவனங்களில் வேலை செய்யக்கூடாது என்பது ஷரத்து. இது எல்லோரும் வைக்கும் வழக்கமான நிபந்தனைதான் என்றது நிறுவனம். வழக்கமானது என்பது உண்மை. பிரச்சினையே அதுதான்.

6

முதலாளி தரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். நான் செலவு பண்ணிக் கற்றுக்கொடுத்தேன், அவன் அதைத் தூக்கிக்கொண்டு எதிரியிடம் போகிறான், எனக்கு என்ன பாதுகாப்பு?

இதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ரசாயனக் கலவையின் அளவு, வாடிக்கையாளர் பட்டியல், விலைக் கணக்கு — இவை தொழில் ரகசியம். இவற்றை வெளியே சொல்லாதே என்று தனியாக எழுதி வாங்கலாம், அது செல்லும். கைப்பழக்கம், கண்ணுக்கு வந்துவிட்ட நிதானம், பத்து வருஷத் தப்புகளிலிருந்து கற்றது — இவை வேறு. இவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போக யாராலும் முடியாது. பாத்திரம் அடிக்கிறவன் கையை விட்டுவிட்டா போவான்? இங்கிலாந்திலேயே 1916இல் ஹெர்பர்ட் மோரிஸ் வழக்கில் பிரபுக்கள் சபை இந்த வித்தியாசத்தைச் சொன்னது: ரகசியம் முதலாளியுடையது, பொதுவான திறனும் அனுபவமும் தொழிலாளியுடையது. போட்டித் தடை ரகசியத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு திறனின் மேல் உரிமை கொண்டாடுகிறது.

மார்க்ஸ் கூலித் தொழிலாளியை இரண்டு விதத்தில் சுதந்திரமானவன் என்றார். தன் உழைப்புச் சக்தியை விரும்பினவரிடம் விற்கச் சுதந்திரம் உண்டு. விற்பதற்கு வேறெதுவும் இல்லாததால் உற்பத்திச் சாதனங்களிலிருந்தும் 'சுதந்திரம்' உண்டு. அந்தக் கசப்பான நகைச்சுவையில்கூட முதல் பாதி உண்மையாக இருந்தது. போட்டித் தடை முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மட்டும் மிச்சம் வைக்கிறது. சந்தைப் போட்டியைப் புகழ்ந்து பேசுகிறவர்கள், உழைப்பு என்ற ஒரே சரக்கின் விஷயத்தில் மட்டும் போட்டி வேண்டாம் என்கிறார்கள்.

7

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த வாக்கியம் செல்லும். செல்லும்போது அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜிம்மி ஜான்ஸ் என்ற சாண்ட்விச் கடைத் தொடர் உதாரணம். ரொட்டிக்கு நடுவில் கறி வைத்துக் கொடுக்கும் ஊழியர்களிடம், விலகினால் இரண்டு வருஷத்துக்கு, அவர்கள் கடை எதற்கும் மூன்று மைலுக்குள் இதே மாதிரிக் கடையில் வேலை செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கியிருந்தார்கள். நியூயார்க், இல்லினாய் மாநில அரசுகள் தலையிட்டு 2016இல் அது கைவிடப்பட்டது. ரொட்டிக்குள் என்ன ரகசியம்? ரகசியம் கூலி விகிதத்தில் இருந்தது.

அந்த நாட்டில் ஏறக்குறைய மூன்று கோடிப் பேர், ஐந்து தொழிலாளரில் ஒருவர், இப்படிக் கட்டுண்டிருப்பதாக மத்திய வர்த்தக ஆணையம் கணக்கிட்டு, 2024 ஏப்ரலில் நாடு முழுவதற்குமாகத் தடை விதி கொண்டு வந்தது. நடைமுறைக்கு வருவதற்குள், அதே ஆகஸ்டில், டெக்சாசில் ஒரு மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2025 செப்டம்பரில் ஆணையமே மேல்முறையீட்டைக் கைவிட்டது.

நம்மோடு ஒரே விதையில் முளைத்த கலிபோர்னியாவின் கதை வேறு. 1957இல் ஷாக்லியின் ஆய்வகத்திலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து வெளியேறி ஃபேர்சைல்ட் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1968இல் அங்கிருந்து இருவர் விலகி இன்டெல்லைத் தொடங்கினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கின் வரலாறே வேலையை விட்டுப் போனவர்களின் வரலாறுதான். அங்கேயும் முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. காகிதத்தில் எழுத முடியாததை வாய்மொழியாகச் செய்தார்கள். உன் ஆளை நான் எடுக்க மாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே என்று கூகுள், ஆப்பிள் உள்ளிட்ட பெரிய கம்பெனிகள் தமக்குள் பேசிவைத்திருந்தது அம்பலமாகி, 2015இல் 41.5 கோடி டாலர் கொடுத்து ஊழியர்களோடு வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டி வந்தது.

இதையெல்லாம் பார்த்த பிறகு கலிபோர்னியா ஒரு காரியம் செய்தது. 2024 ஜனவரி முதல், செல்லாத இந்த ஷரத்தை ஒப்பந்தத்தில் சேர்ப்பதே சட்டவிரோதம் ஆனது. ஏற்கனவே கையெழுத்து வாங்கியிருந்த நிறுவனங்கள், 'நீங்கள் கையெழுத்திட்ட அந்த ஷரத்து செல்லாது' என்று ஒவ்வொரு ஊழியருக்கும் 2024 பிப்ரவரி 14க்குள் தாமே எழுதித் தர வேண்டும் என்றும் உத்தரவானது. பயத்தை எழுதினவனே அதை அழித்து எழுத வேண்டும். செல்லாது என்று சொல்வது மட்டும் போதாது என்பதை அந்தச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

8

நம் பிரிவு 27 அந்த இடத்தில்தான் ஊமையாக நிற்கிறது. ஷரத்து செல்லாது என்கிறது. அதை அச்சடித்து மிரட்டுகிறவனுக்கு என்ன என்று கேட்டால் பதில் இல்லை. எழுதினால் நஷ்டமில்லை, எழுதாவிட்டால் லாபமில்லை என்ற நிலையில் எந்த முதலாளி எழுதாமல் இருப்பான்? 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுப்பதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்லது. கடிதம் கட்டாயம் என்றால், கடிதத்தில் எது இருக்கக்கூடாது என்பதும் கட்டாயம் ஆக வேண்டும். தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இது இடம்பெற வேண்டும்: போட்டித் தடை ஷரத்தைச் சேர்ப்பதே குற்றம், சான்றிதழைப் பிடித்து வைப்பது குற்றம், ஏற்கனவே வாங்கிய கையெழுத்துகளைச் செல்லாது என்று நிறுவனமே எழுதித் தர வேண்டும்.

அதுவரை, களத்தில் இருக்கும் தோழர்கள் மூன்று விஷயத்தைப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கலாம். வேலையை விட்டபின் வேறெங்கும் சேராதே என்பது செல்லாது, கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. தொழில் ரகசியத்தைச் சொல்லாதே என்பது செல்லும். குறைந்தபட்ச காலப் பாண்டு செல்லலாம். ஆனால் அதில் எழுதியிருக்கும் தொகை உச்ச வரம்புதான், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு இடம் கொடுப்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழின் நகலைக் கொடுக்கலாம், அசலைக் கொடுக்கக்கூடாது. அது அடகுப் பொருள் இல்லை.

எழுதுகிறவர்களுக்கும் வேலை இருக்கிறது. துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது 1921இல். அதற்கு முன்பே 'துண்டு' என்று அதற்கு ஒரு பெயர் வைத்து, மடியில் முடிந்து வைத்திருந்த காகிதம் என்ன செய்கிறது என்று அந்த மக்கள் தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள். இன்றைய காகிதத்துக்கு இன்னும் நம் மொழியில் பெயர் விழவில்லை. இங்கிலீஷில் இருப்பதால் அது யாரோ வக்கீல்களின் சமாச்சாரமாகத் தெரிகிறது. பெயர் வைக்கப்படாத வரை அது தனி ஆளின் பயம். பெயர் விழுந்துவிட்டால் அதைப் பற்றி நாலு பேர் உட்கார்ந்து பேசலாம்.